மா டா ஹேயா, சென்டெனியலா: டகோட்டாவில் எந்தப் பாதை?

அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களில் நாள்கணக்கில் நடக்க நினைப்பவர்கள் கடைசியில் இரண்டு பாதைகளுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். வடக்கு டகோட்டாவின் மா டா ஹே 144 மைல், அதாவது சுமார் 232 கிலோமீட்டர். தெற்கு டகோட்டாவின் சென்டெனியல் 111 மைல், சுமார் 179 கிலோமீட்டர். என் ஓட்டு மா டா ஹேவுக்குத்தான். ஆனால் நெடுநடையில் முதல்முறை இறங்குபவர் என்னிடம் கேட்டால், சென்டெனியலுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் தண்ணீர்.

முதலில் மா டா ஹே. நீண்ட காலமாக இருந்துவருகிற, இனியும் இருக்கப்போகிற இடம் என்று மாண்டன் பழங்குடியினரின் மொழியில் இந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். வழிகாட்ட மரக்கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆமைச் சின்னத்தைச் சூடுபோட்டுப் பொறித்திருக்கிறார்கள். பாதையின் பெரும்பகுதி லிட்டில் மிசௌரி தேசியப் புல்வெளியில் போகிறது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்த பூமி அது. மேட்டில் ஏறினால் காற்றில் அலையடிக்கும் புல். அடுத்த வளைவில் தரை சட்டென்று உடைந்து, சாம்பல், மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாய் அரித்த மண்குன்றுகள். இவைதான் பேட்லேண்ட்ஸ். குன்றுகளின் தலையில் செக்கச்சிவந்த கல் தெரியும். நிலத்துக்கடியில் நிலக்கரிப் படுகை தீப்பற்றி எரிந்து, மேலே இருந்த களிமண்ணைச் சூளையில் வேகவைத்ததுபோல் சுட்டுவிட்டது. தட்டினால் செங்கல் மாதிரியே கணீரென்கும்.

இங்கே ஆளைத் திணறடிப்பது பெண்டோனைட் களிமண். காய்ந்திருக்கும்போது சோளப்பொரியைக் கொட்டிவைத்ததுபோல் மேல்தோல் பொரிந்து கிடக்கும், காலடியில் நொறுங்கும். ஒரு மழை போதும், பசையாகிவிடும். பூட்ஸில் ஒட்டியதன் மேல் அடுத்த அடியில் இன்னும் ஒட்டும். கொஞ்ச தூரத்துக்குள் கால் கனத்துவிடும். சைக்கிளில் வந்தவர் பாடு இன்னும் மோசம்: சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மண் அடைத்து, உருட்டக்கூட முடியாது. மழையில் கரிசல் காட்டைக் கடந்தவர்களுக்கு இது புரியும். அங்கே காலைக் கவ்வுவதும் ஈரத்தில் உப்பும் இதே குடும்பத்துக் களிமண்தான். செய்யக்கூடியது ஒன்றே: கூடாரத்தில் உட்கார்ந்து வெயிலுக்கும் காற்றுக்கும் காத்திருப்பது. பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா விட்டுவையுங்கள்.

சென்டெனியலில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மாநிலம் உருவாகி நூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1989-இல் அமைத்த பாதை இது. கம்பங்களிலும் 89 என்றே இருக்கும். வடமுனையில் இருப்பது பேர் பியூட் (Bear Butte) என்ற மலை. லகோட்டா, ஷையன் பழங்குடி மக்களுக்கு அது புனித மலை. மரக்கிளைகளில் வேண்டுதலுக்குக் கட்டிய வண்ணத் துணிகளைப் பார்ப்பீர்கள். தொடவும் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. அங்கிருந்து புல்வெளியைக் கடந்து பிளாக் ஹில்ஸ் காட்டுக்குள் நுழைந்தால், பொண்டரோசா பைன் நிழலும் ஓடைகளும் பாக்டோலா, ஷெரிடன் ஏரிகளும் கூடவே வரும். தெற்கே கஸ்டர் மாநிலப் பூங்காவிலும் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலும் மறுபடி புல்வெளி, காட்டெருமைக் கூட்டம். வெயில் நேரத்தில் பைன் பட்டையை மோந்து பாருங்கள், வெனிலா வாசம் வரும். குறை என்றால், வடபகுதியில் ஒரு துண்டில் மோட்டார் வண்டிகளுக்கும் அனுமதி உண்டு. மா டா ஹேயில் மோட்டாருக்கு இடமே இல்லை.

சைக்கிளுக்கு இரண்டிலும் சுற்றுவழி வேண்டும். மா டா ஹே தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவுக்குள் போகும் இடத்தில் சைக்கிள் கூடாது. பஃபலோ கேப் பாதையில் சுற்றிப் போக வேண்டும். சென்டெனியலில் பிளாக் எல்க் வனப்பகுதியிலும் விண்ட் கேவிலும் தடை.

சரி, இவ்வளவு வசதியை விட்டுவிட்டு நான் ஏன் மா டா ஹே என்கிறேன்? பைன் காடும் ஏரியும் அமெரிக்காவில் எத்தனையோ இடத்தில் கிடைக்கும். புல்வெளியும் பேட்லேண்ட்ஸும் இப்படி மாறி மாறி நாள்கணக்கில் கூட வருவது அரிது. 1884 பிப்ரவரி 14 அன்று ஒரே நாளில் தாயையும் மனைவியையும் இழந்த தியோடர் ரூஸ்வெல்ட் (பின்னாளில் அமெரிக்க அதிபரானவர்), ஆறுதல் தேடி வந்து எல்க்ஹார்ன் பண்ணையை அமைத்தது இங்கேதான். இன்று அங்கே வீடு இல்லை, அஸ்திவாரக் கற்கள்தான் மிச்சம். பக்கத்தில் காட்டன்வுட் மரங்கள், ஆறு. அந்த அமைதிக்காகவே பாதையை விட்டு விலகி நடக்கலாம். தொலைவில் எண்ணெய்க் கிணறுகள் பெருகிவருவது மட்டும் மனதை உறுத்துகிறது.

மா டா ஹே போக முடிவெடுத்தால் ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். நடுக்கோடையில் நிழலே கிடைக்காது. முகாம்களில் கிணற்றுத் தண்ணீர் உண்டு, ஆனால் ஒரு முகாமிலிருந்து அடுத்ததற்கு ஒரு முழு நாள் நடையாகிவிடும். லிட்டில் மிசௌரி ஆற்று நீரில் வண்டல் அதிகம், வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் பாதை சாலையைத் தொடும் இடங்களில் வைத்திருக்கும் பெட்டிகளில் முன்கூட்டியே காரில் போய்த் தண்ணீர்க் கேன்களை வைத்துவிட்டு வாருங்கள். கேன் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள். பெயர் எழுதியிருக்கும் அடுத்தவர் கேனைத் தொடாதீர்கள், அவர் அதை நம்பித்தான் நடந்து வந்துகொண்டிருப்பார். நடை முடிந்ததும் திரும்பப் போய்க் காலிக் கேன்களை எடுத்து வந்துவிடுங்கள்.