ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டை: சோஃபிக்காகப் போங்கள்

வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில், ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1914-ல் சுடப்பட்ட கார், அவருடைய ரத்தக்கறை படிந்த சட்டை எல்லாம் இருக்கின்றன. அதே காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து உயிரை விட்ட மனைவி சோஃபியை அங்கே தேடினேன். காரின் பக்கவாட்டில் இருக்கும் குண்டு ஓட்டைதான் மனதில் நின்றது. அந்தம்மா யார் என்று தெரிய வேண்டுமானால் ஆஸ்திரியாவில் இருக்கும் அவர்கள் குடும்பக் கோட்டையான ஆர்ட்ஸ்டெட்டனுக்குத்தான் போக வேண்டும்.

பெக்லார்ன் வரை ரயில், அப்புறம் டாக்சி. டான்யூபைப் பாலத்தில் தாண்டிப் போனால் வெங்காயக் கும்மட்டங்களோடு கோட்டை தெரியும். 1914-ல் பாலம் ஏது? இருவரின் சவப்பெட்டிகளையும் ராத்திரி இடிமழையில் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள்.

உள்ளே பெரும்பாலும் குடும்பக் கதை. சோஃபி பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கோட்டெக் குடும்பத்துப் பெண். பிரபு வம்சம்தான், ஆனால் ஆளும் வம்சம் இல்லையே! மாப்பிள்ளையின் பெரியப்பா, சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசஃப், ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்: பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணையில் பாத்தியதை கிடையாது. 1900 ஜூன் 28-ல் அதற்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, ஜூலை 1-ல் கல்யாணம். கூடப் பிறந்த தம்பிகள்கூட எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் மாற்றாந்தாய் மட்டும் தன் இரண்டு மகள்களோடு வந்தார். அதன்பின் அரண்மனை விழாக்களில் அரச குலப் பெண்கள் எல்லாரும் நுழைந்த பிறகுதான் பட்டத்து இளவரசரின் மனைவிக்கு முறை. பந்தியில் கடைசி இலை மாதிரி.

போஸ்னியாவின் சாராயேவோவில் இருவரும் சுடப்பட்டதும் அதே ஜூன் 28, 1914-ல்.

எனக்குக் கோபம் வந்தது இறுதிச் சடங்கைப் படித்தபோதுதான். வியன்னா அரண்மனைத் தேவாலயத்தில் சோஃபியின் பெட்டியைக் கணவருடையதைவிடத் தாழ்வாக வைத்து, பக்கத்தில் வெள்ளைக் கையுறையும் கறுப்பு விசிறியும் வைத்தார்களாம். அவை பணித்தோழியின் அடையாளம்; கல்யாணத்துக்கு முன் அரச குடும்பத்து இசபெல்லா சீமாட்டியிடம் பணித்தோழியாக இருந்தவர் என்பதைச் செத்த பிறகும் விடவில்லை.

சக்கரவர்த்தி குடும்பமான ஹாப்ஸ்பர்க்குகளை அடக்கம் செய்யும் வியன்னாவின் கப்புச்சின் நிலவறையில் மனைவிக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்துதான் மனிதர் முன்கூட்டியே இங்கே கல்லறை கட்டிவைத்தார். இரண்டு வெள்ளைக் கல்பேழைகள், பக்கத்தில் பக்கத்தில். கல்யாணத்தால் சேர்ந்தவர்கள், ஒரே விதியால் மறுபடி சேர்ந்தார்கள் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. இதற்காகவே போகலாம்.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துப் போங்கள். பிள்ளைகளுக்கு வாளும் கவசமும்தான் வேண்டும் என்றால் ப்ராக் பக்கம் இவர்கள் வாழ்ந்த கொனோபிஷ்டே சரியாக வரும். சுவர் முழுக்க வேட்டைக் கொம்புகள், எனக்கு அலுத்துவிட்டது.