முத்துத் தோட்டுக்காரியா, சால்வைக்காரியா?

டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த இரண்டு இளம்பெண் முகங்கள். முத்துத் தோட்டுக்காரி நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். வெளிர் சால்வைக்காரி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில். இரண்டும் 1665ஐ ஒட்டி வரைந்தவை, உயரம் 44.5 செ.மீ. தான்.

முதலாமவளுக்குத்தான் புகழ். 1881இல் ஏலத்தில் அன்றைய டச்சு நாணயத்தில் இரண்டே கில்டருக்குப் போனவள் என்றால் நம்ப முடிகிறதா? அந்த முத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: கொக்கியே கிடையாது, வெள்ளைச் சாயத்தில் சில தீற்றல்கள், அவ்வளவுதான். கறுப்பாகத் தெரியும் பின்னணி ஒரு காலத்தில் பச்சைத் திரையாம்; 2018இல் தொடங்கிய ஆய்வில் தெரிந்தது.

சால்வைக்காரிக்கு அந்தப் பளபளப்பு இல்லை. அகன்ற நெற்றி, விலகிய கண்கள், லேசான சிரிப்பு. பெரிய அழகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிரே உட்கார்ந்து பேசு என்றால் இவளிடம்தான் போவேன்.