பேணிக்குள் இருந்து ஒரு கறுப்பு ஸ்டவுட்: கூப்பர்ஸ் வீட்டு பியர்க் கலவை பற்றி

மெல்பேர்னில் என் கராஜில் நிற்கிற வாளியில் இதுவரை பதினொரு தடவை ஸ்டவுட் என்கிற கறுத்த, கனமான பியரை ஊறவிட்டிருக்கிறேன். "கடையில காசைக் குடுத்தா போத்தல் கிடைக்குது, ஏன்ரா இந்தக் கரைச்சல்?" என்று மச்சான் ஒவ்வொரு முறையும் கேட்பான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூப்பர்ஸ் ஸ்டவுட் பேணி 1.7 கிலோ. 1862இல் அடிலெய்டில் தோமஸ் கூப்பர் தொடங்கிய, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிற மதுச்சாலையின் தயாரிப்பு. உள்ளே ஹொப்ஸ் என்கிற பூவின் கசப்புச் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய மோல்ட் (முளைக்கவிட்ட பார்லி) பாகு, மூடிக்குக் கீழே ஈஸ்ட் பக்கெற். சுடுதண்ணீரில் பாகைக் கரைத்து, சீனி போட்டு, 23 லீற்றர் வரைக்கும் பச்சைத்தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டைத் தூவி மூடினால் சரி. அடுப்படி வேலை அரை மணித்தியாலம்.

முதலில் காசுக்காகத்தான் தொடங்கினேன். ஒஸ்ரேலியாவில் போத்தல் பியர் வரி பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் ஏறும். வீட்டில் சொந்தப் பாவனைக்குச் செய்தால் வரி இல்லை, விற்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு ஒரு தடவைக்கு 40 டொலருக்குள் முடிகிறது. 23 லீற்றர் என்பது கடையில் 24 போத்தல் கொண்ட பெட்டி இரண்டரை. ஆனால் போத்தல் கழுவுகிற நேரத்தையும் கணக்கில் எடுத்தால் இலாபம் என்று சொல்ல மாட்டேன். காசுக்காக மட்டும் தொடங்குகிறவர் மூன்றாம் முறையோடு விட்டுவிடுவார்.

நான் விடாததற்குக் காரணம் இலங்கையின் லயன் ஸ்டவுட். முன்பு நுவரெலியாவிலும் பிறகு பியகமவிலும் காய்ச்சிய அந்த 8.8 வீத அல்ககோல் கறுப்பின் கனம் எனக்கு வேண்டும். பேணியோடு வெறும் ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சீனி போட்ட முதல் தடவை பியர் தண்ணியாக வந்தது. பிழை என்னுடையது. அந்தச் சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும், வாயில் தங்க ஒன்றும் மிஞ்சாது. இப்போது சீனிக்குப் பதில் ஒன்றரைக் கிலோ கறுத்த மோல்ட் பாகு, டண்டினோங் கடையில் வாங்குகிற பனங்கட்டி 300 கிராம், தண்ணீர் 20 லீற்றரோடு நிறுத்தம். பியரின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் 1.053இல் தொடங்கி 1.014இல் நிற்கிறது. போத்தலில் போடுகிற சீனியையும் சேர்த்தால் அல்ககோல் ஐந்தரை வீதம் வரும். லயனின் வேகம் இல்லை, ஆனால் கடைசி மிடறில் பனங்கட்டி மணக்கும். இதை எந்தக் கடையில் வாங்குவது? வீட்டில் பியர் செய்கிறவர்கள் பலரும் இப்படி ஒரு சுவையைத் தேடித்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சூட்டில் கவனம் வேண்டும். ஜூலைக் குளிரில் கராஜ் 12 பாகைக்கு இறங்கும்போது ஈஸ்ட் உறங்கிவிடும், வாளியைச் சுற்றிச் சூடாக்கும் பட்டி கட்டுவேன். ஜனவரியில் ஊறவிட்டது நகப்பூச்சு மணத்தது, அதற்குப் பிறகு கோடையில் செய்வதில்லை. 18 முதல் 21 பாகைதான் நல்ல சுவை தரும். துப்புரவும் அப்படித்தான். ஒருமுறை வாளியின் குழாயைக் கழற்றிக் கழுவாமல் விட்டு, 20 லீற்றரையும் வடிகாலில் ஊற்றினேன். மனம் நொந்துபோன நாள் அது. ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் ஒரே இலக்கத்தில் நிற்காமல் போத்தலில் அடைக்க வேண்டாம், மிஞ்சிய சீனி வாயுவாகிக் கண்ணாடி வெடிக்கும். அடைக்கும்போது நுரைக்காக லீற்றருக்கு 8 கிராம் சீனி. ஸ்டவுட்டை இரண்டு மாதமாவது தொடாதீர்கள்.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். ஈஸ்ட் போட்ட இரண்டாம் நாள், வாளியோடு காதை வைத்துக் கேட்டார். "கள்ளு முட்டி மாதிரி இரையுது" என்றார். பிறகு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு, காலமை இறக்கினது பின்னேரத்துக்குள் எப்படிக் கடுக்கும் என்று அந்தக் கராஜில் நின்றபடியே ஒரு மணித்தியாலம் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் என்னோடு தொடர்ந்து கதைத்தது அதுதான் முதல்முறை.

மே மாதம் அடைத்ததில் ஆறு போத்தல் மிச்சம் இருக்கிறது. மார்கழியில் அவர் திரும்ப வருகிறார், அதுவரை மச்சானுக்கும் இல்லை.