டிஎஸ்18பி20 சென்சார்: 16-ஆல் வகுத்தால் வெப்பநிலை

நாட்டுக்கோழி முட்டைக்காக வீட்டில் நானே செய்த இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டி) இரண்டு மாதமாக டிஎஸ்18பி20 என்ற இந்த வெப்பநிலை சென்சார்தான் ஓடுகிறது. நீர் புகாத எஃகுக் குழாயில் அடைத்த வகை. மூன்றே ஒயர். டேட்டா ஒயருக்கும் பாசிட்டிவுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இது டிகிரியை நேரடியாகச் சொல்லாது; 16 பிட் எண்ணாகத் தரும். அளவின் நுணுக்கத்தை 12 பிட்டாக அமைத்தால் ஒரு படி 0.0625 டிகிரி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. 600 வந்தால் 16-ஆல் வகுக்க 37.5, முட்டைக்கு வேண்டிய அதே சூடு. எனக்கு மிகவும் பிடித்தது இந்த எளிமைதான்.

முதல் நாள் 85 டிகிரி என்று காட்டியதும் பதறிவிட்டேன். மின்சாரம் கொடுத்தவுடன் அதில் இருக்கும் தொடக்க மதிப்பு அது. அளந்து முடிக்க 750 மில்லிவிநாடி வரை ஆகும்; நான் காத்திருக்காமல் படித்திருக்கிறேன். அப்புறம் ஃப்ரீசரில் வைத்தால் 4085.875! மைனஸ் எண்கள் டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் வருகின்றன, அதாவது 65536-இலிருந்து கழித்த பெரிய எண்ணாக. மைனஸ் குறியும் உள்ள எண்ணாகப் படித்ததும் -10.125 என்று சரியாக வந்தது.

படி நுணுக்கமானது என்றாலும் ±0.5 டிகிரி வரை பிழை இருக்கலாம். முட்டைக்கு அரை டிகிரியே பெரிது. அதனால் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு, 0.3 திருத்தம் சேர்த்து வைத்திருக்கிறேன்.