நூலகரிடம் கேட்பதா, நாமே தேடுவதா? குமரி ஆய்வாளருக்கு ஓர் அலசல்

கன்னியாகுமரி மாவட்ட வரலாற்றில் ஆய்வு செய்பவருக்கு இரண்டு வழி. வீட்டிலிருந்தே கூகுள் ஸ்காலர், ஷோத்கங்கா (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) என்று தேடலாம். இல்லையென்றால் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் ரெஃபரன்ஸ் பிரிவு நூலகரிடம் கேட்கலாம். நான் இரண்டாவது கட்சி.

தனியே தேடுவதன் வசதி தெரிந்ததுதான். ராத்திரி பதினொரு மணிக்கும் தேடலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற வேண்டாம். தலைப்பும் ஆசிரியர் பெயரும் கையில் இருந்தால் இதுவே போதும்.

தலைப்பே தெரியாதபோது ஆளை முடக்கிப்போடுவது பெயர்ச் சிக்கல். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் திருவிதாங்கூர். 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. இந்தப் பக்கத்தின் பழைய பெயரை வைத்து ‘நாஞ்சில் நாட்டு நிலவரி’ என்று தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். வேண்டியது ‘தென் திருவிதாங்கூர்’ என்ற பெயரில் கிடக்கலாம். அலமாரியும் அப்படியே. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் கேரள வரலாறு 954.83, தமிழ்நாடு 954.82. ஒரே தாலுகாவைப் பற்றிய இரண்டு புத்தகம் இரண்டு இடத்தில் இருக்கலாம்.

தேதியிலும் இதே தொல்லை. பழைய ஆவணங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு. ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் முதல் மாதமான சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரி பிறந்தபின் 825 கூட்ட வேண்டும். திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்த கோயில் நுழைவுப் பிரகடனத்தின் தேதி 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12. 1936 என்று மட்டும் தேடுகிறவர் 1112 என்று பதிந்த கோப்பைத் தவறவிடுவார். ஷோத்கங்காவிலோ பல தமிழ் ஆய்வேடுகள் ஸ்கேன் படங்கள், அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. உள்ளே இருக்கும் சொல் தேடலில் சிக்காது. ‘நாஞ்சில்’ என்பதையே ஆங்கிலத்தில் ஒருவர் ஜே போட்டும் இன்னொருவர் சிஎச் போட்டும் எழுதியிருப்பார். இந்த மாற்றுப் பெயர்களையெல்லாம் பழகிய நூலகர் நிமிடத்தில் எடுத்துச் சொல்வார். நமக்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். “குமரி வரலாறு பத்திப் புத்தகம் இருக்கா சார்?” என்றால் இரண்டு பொதுநூல்தான் கைக்கு வரும். “1900 முதல் 1936 வரை தோவாளைத் தாலுகா நிலவரி வேணும் சார். மலையாளம் வாசிப்பேன், வட்டெழுத்து வராது. இந்த மூணு சொல்லைப் போட்டுப் பார்த்துட்டேன்” என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். புத்தகம் வழங்கும் கவுன்டரில் கேட்டுவிட்டு ‘உதவி இல்லை’ என்று திரும்புகிறவர்கள் நிறைய. அங்கே இருப்பவர் வேலை வேறு. ஆய்வேடு கொடுக்கும் கடைசி வாரத்தில் போவதும் பயனில்லை, வேறு நூலகத்திலிருந்து இரவல் வர நாளாகும். திருவிதாங்கூர் அரசின் மூல ஆவணங்களுக்கு நூலகர் கேரள மாநில ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பக்கூடும். ஆய்வு வழிகாட்டியின் கையெழுத்தோடு அறிமுகக் கடிதம் வாங்கி வைத்திருங்கள்.

அறிவியல் துறைக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். அங்கே கலைச்சொல் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. எல்லைப் பகுதி வரலாறு, மொழி, கோயில் பற்றி எழுதுகிறவர் தயங்காமல் போகலாம். நூலகர் சொல்லும் தலைப்புச் சொற்களையும் பகுப்பெண்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஷோத்கங்காவில் மறுபடி தேட அவைதான் உதவும்.