ஆறு வார அபார்ட்மென்ட் முதலீட்டு வகுப்பு: ஒரு பழைய நாத்தூர் போடும் மார்க்

ஷார்ஜாவில் ஆறு மாடி, நாற்பத்தெட்டு வீடு இருந்த ஒரு பில்டிங்கில் பதினொரு வருஷம் நாத்தூராக, அதாவது பில்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரனாக இருந்தவன் நான். கீழே படிக்கட்டுக்குப் பக்கத்து ரூம். மோட்டார், லிஃப்ட், குப்பை, சாவி எல்லாம் என் கையில். காலையில் நாலு கார் கழுவினால் மேல்வருமானம். பிறகு அதே முதலாளியின் ஆபீஸில் வாடகை செக் அடுக்குகிற வேலை. மூணு வருஷம் முன்னாடி கீழக்கரைக்குத் திரும்பிவிட்டேன்.

அமெரிக்காவில் நூறு, இருநூறு வீடு உள்ள அபார்ட்மென்ட்களைக் கூட்டாக வாங்குவது எப்படி என்று தமிழில் ஆன்லைன் வகுப்பு நடக்கிறது என்று ஹூஸ்டனில் இருக்கும் ராத்தா (அக்கா) மகன் லிங்க் அனுப்பினான். ஃபீஸ் 38,000 ரூபாய். ஞாயிறு காலை ஏழு மணி. உம்மா கேட்டது ஒரே கேள்வி: "வட்டி இல்லாமலா வாங்குறாங்க?" இல்லைதான். அந்தத் தொழிலே முக்கால்வாசி கடனில் ஓடுகிறது. அதனால் நான் பணம் போடப் போவதில்லை, படிக்க மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இதை யோசிக்கிறவர்கள் முதலில் இந்த வட்டி விஷயத்தை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். வகுப்பில் கேட்டேன், "அது உங்க தனிப்பட்ட விஷயம் சார்" என்று நகர்ந்துவிட்டார்கள்.

முதல் மூணு வாரம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அமெரிக்காவில் நாலு வீடு வரை உள்ள கட்டடத்துக்கு வீட்டுக்கடன் மாதிரி, வாங்குகிறவர் சம்பளத்தைப் பார்த்துக் கடன். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அது வணிகச் சொத்து. அங்கே பேங்க் முக்கியமாகப் பார்ப்பது கட்டடத்தின் சம்பாத்தியம். வாடகையில் காலி வீட்டைக் கழித்து, பராமரிப்பு, வரி, இன்ஷூரன்ஸ் கழித்து, கடன் தவணைக்கு முன்னால் மிஞ்சுவது நிகர வருமானம். அந்த வட்டாரத்தில் வாங்குகிறவர்கள் விலைக்கு வருஷம் எத்தனை சதவீதம் நிகர வருமானம் எதிர்பார்க்கிறார்களோ அதுதான் 'கேப் ரேட்'. நிகர வருமானத்தை அந்தச் சதவீதத்தால் வகுத்தால் கட்டடத்தின் விலை.

நூறு வீட்டில் வீட்டுக்கு மாசம் 50 டாலர் வாடகை ஏற்றினால் வருஷம் 60,000 டாலர். கேப் ரேட் 6 சதவீதம் என்றால் கட்டடத்தின் விலை 10 லட்சம் டாலர் ஏறிவிடுகிறது! இதைக் கேட்டபோது எனக்கு ஷார்ஜா ஞாபகம்தான். குடித்தனம் போன வீட்டுக்கு ஒரே வாரத்தில் வெள்ளையடித்து, ஏசி கழுவிச் சாவி கொடுக்கச் சொல்லி முதலாளி ஏன் என் உயிரை எடுத்தார் என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது.

இந்தக் கணக்கைப் போட மூணாவது வாரம் தந்த எக்செல் ஷீட்டுக்கே பாதி ஃபீஸ் கொடுக்கலாம். அதை நான் டெக்சாஸுக்குப் போடவில்லை. ஏர்வாடி ரோட்டில் மச்சானுக்கு ஒன்பது போர்ஷன் லைன் வீடு இருக்கிறது, அதற்குப் போட்டேன். ஆறு போர்ஷன் வாடகைக்கு, தலா 5,500. மூணு போர்ஷன் ஒத்திக்கு, தலா 4 லட்சம். மச்சான் கணக்கில் அந்த 12 லட்சமும் வருமானம்! மகள் கல்யாணத்தில் கரைந்தும் போச்சு. ஷீட்டில் அதைக் கடன் பக்கத்தில்தான் போட முடிந்தது, என்றைக்காவது திருப்பித் தரணுமே. வருஷ வாடகை 3,96,000. தண்ணி லாரி, மோட்டார், வீட்டு வரி, பெயின்ட், காலி மாசம் எல்லாம் போக 2,84,000. இன்றைக்கு 1 கோடியே 10 லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லுவார். அப்படியானால் கேப் ரேட் இரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இதில் உப்புக்காத்து வேறு. மேல்தளம் பொரிந்து கம்பி தெரிகிறது. அதற்கு அவர் ஒரு பைசா ஒதுக்கவில்லை. ஷீட்டில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. மச்சான் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி குறை. கடனைப் பற்றிய நாலாவது வாரத்தில் நல்ல பக்கத்தை மட்டும் காட்டினார்கள். திருப்பி நானே போட்டுப் பார்த்தேன். நிகர வருமானம் 6 லட்சம் டாலர், கேப் ரேட் 5 சதவீதம், விலை 1 கோடியே 20 லட்சம். அதில் 90 லட்சம் கடன், 30 லட்சம் நம்ம காசு. கேப் ரேட் 6 ஆனால் விலை 1 கோடி. வாடகை ஒரு டாலர்கூடக் குறையவில்லை, ஆனால் நம்ம 30 லட்சத்தில் 20 லட்சம் காலி. நடந்த கதையும் இருக்கிறது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதத்துக்குப் போனது. மாறும் வட்டியில் குறுகிய காலக் கடன் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இதைக் கேட்டதற்குப் பாடம் எடுத்த தம்பி, "அது ஒரு சைக்கிள் சார்" என்றார். நல்ல பிள்ளைதான், ஆனால் அந்தப் பதில் 38,000 ரூபாய்க்குப் பத்தாது.

இன்னொன்று, இங்கே உட்கார்ந்து பணம் அனுப்புகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்கு என்றால் 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் முன்வரியாக பேங்கே பிடித்துவிடும். பிறகு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்டணும், அமெரிக்காவிலும் தனியாகக் கணக்குக் கொடுக்கணும். இதெல்லாம் ராமநாதபுரத்தில் என் ஆடிட்டர் சொன்னது, வகுப்பு சொன்னதில்லை. விளம்பரம் செய்து ஆள் சேர்க்கும் கூட்டு முதலீடுகளில் அமெரிக்காவில் இருப்பவர் சேரவே, குடியிருக்கும் வீடு போக 10 லட்சம் டாலர் சொத்தோ, வருஷம் 2 லட்சம் டாலர் வருமானமோ வேண்டும் என்பதையும் ராத்தா மகன்தான் சொன்னான். அவனே அதில் தேறமாட்டானாம்.

யாருக்கு இது ஆகும்? வளைகுடாவிலோ சென்னையிலோ கட்டடம் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு, நாலைந்து போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு. சும்மா பணத்தைப் போட்டுவிட்டு உட்காரலாம் என்று வருகிறவர்களுக்கு இல்லை. ஐந்துக்கு மூணு ஸ்டார், அதில் இரண்டு அந்த ஷீட்டுக்கு.

மச்சான் மூணாம் நாள் வாட்ஸ்அப்பில் ஷீட்டை அனுப்பச் சொன்னார்.

வகுப்புப் பதிவுகளை ஆறு மாசம்தான் பார்க்க முடியும். மூணாவது வாரத்தை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். ஆறாவது வாரம் பாடமே கிடையாது, இரண்டரை லட்சத்துக்குத் தனிப் பயிற்சி விற்கிறார்கள். "இன்னும் மூணு இடம்தான் இருக்கு" என்று ஆரம்பித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு விளமீன் நல்லா வந்திருந்தது.