ஸ்ட்ரெக் டியூப்: செப்டிக் ஷாக்கில் டி.என்.ஏ. அளக்க யாருக்குத் தேவை?

செப்டிக் ஷாக் (கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்துவிடும் நிலை) நோயாளியின் பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீங்கிய ரத்த நீரில், மிதக்கும் டி.என்.ஏ.வை அளக்க, ஸ்ட்ரெக் நிறுவனத்தின் 'செல்-ஃப்ரீ டி.என்.ஏ. பி.சி.டி.' டியூபைத்தான் பலரும் கேட்கிறார்கள். நல்ல சரக்குதான். ஆனால் ஐ.சி.யு.வும் லேபும் ஒரே கட்டடத்தில் இருக்கும் கோவை ஆஸ்பத்திரிக்கு இது வீண் செலவு. கோபியிலோ தாராபுரத்திலோ ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்புகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது.

எல்லாம் டியூபுக்குள் உடையும் வெள்ளையணு செய்கிற வேலை. ஓர் அணுவுக்குள் சுமார் 6.6 பிகோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது (ஆயிரம் பிகோகிராம் ஒரு நானோகிராம்). ஷாக் நோயாளிக்கு வெள்ளையணு மைக்ரோலிட்டருக்கு 20,000 என்றால், ஒரு மி.லி. ரத்தத்தில் 1,30,000 நானோகிராம் அணுக்களுக்குள் அடைந்து கிடக்கிறது. ஆயிரத்தில் ஓர் அணு உடைந்தாலே 130 நானோகிராம் வெளியே வந்துவிடும். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் மி.லி.க்கு சில நானோகிராமிலிருந்து சில பத்துகள் வரைதான் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. மட்டும் உள்ள சாதாரண ஊதா மூடி டியூபை அப்படியே பார்சல் போட்டால், ரிசல்ட்டில் தெரிவது பஸ் லேட்டானதுதான்.

ஸ்ட்ரெக்கில் ஈ.டி.டி.ஏ.வோடு அணுக்களை உடையவிடாத மருந்தும் உண்டு. 6 முதல் 37 டிகிரிக்குள் 14 நாள் தாங்கும் என்கிறது கம்பெனி. சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40ஐத் தாண்டுமே! தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் வைத்து, நடுவே துணி கொடுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, உறைந்தால் போச்சு.

10 மி.லி. முழுசாக நிரம்ப வேண்டும், குறைந்தால் மருந்தின் விகிதம் மாறும். மருந்து ரத்தக்குழாய்க்குள் திரும்பாதபடி நோயாளியின் கையைத் தாழ்த்தி வைத்து எடுக்க வேண்டும். எடுத்ததும் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும். ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஓடும் லைனிலிருந்து எடுக்காதீர்கள், அது டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். இந்த டியூபின் பெரிய குறை அந்த 10 மி.லி.தான். ஏற்கெனவே ரத்தம் குறைந்த நோயாளியிடம் தினமும் அவ்வளவு எடுப்பது நியாயமில்லை.

லேப் பக்கத்தில் இருந்தால் 3 மி.லி. ஊதா டியூபே போதும், 4 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிவிட வேண்டும். முதலில் 1,600 ஜி, 10 நிமிடம். நடுவில் படியும் வெள்ளைப் படலத்தைத் தொடாமல், அதற்கு மேலே கொஞ்சம் பிளாஸ்மாவை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்து, மறுபடி 16,000 ஜி, 10 நிமிடம். ஜி (சுழலும்போது வரும் விசை) வேறு, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு; ரோட்டரின் ஆரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை க்யூபிட் போன்ற ஃப்ளூரோமீட்டரில் (டி.என்.ஏ.வில் ஒட்டும் சாயத்தின் ஒளிர்வை அளக்கும் கருவி) பாருங்கள். புற ஊதா ஒளியில் அளக்கும் நானோடிராப் கருவி இவ்வளவு குறைந்த அளவில் கூட்டிக் காட்டும். 1 மி.லி. பிளாஸ்மாவிலிருந்து 50 மைக்ரோலிட்டர் டி.என்.ஏ. கரைசல் கிடைத்து, மீட்டர் மைக்ரோலிட்டருக்கு 1.2 நானோகிராம் காட்டினால் விடை பிளாஸ்மா மி.லி.க்கு 60 நானோகிராம்.

இந்த எண்ணை வைத்து செப்சிஸ் (உறுப்புகளைப் பாதிக்கும் கடும் தொற்று) என்று முடிவு கட்ட முடியாது. விபத்துக் காயம், தீக்காயம், மாரடைப்பு, எல்லாவற்றிலும் ஏறும். இறந்துபோகும் நோயாளிகளிடம் அளவு அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததுதான், ஆனால் 2021 சர்வதேச செப்சிஸ் வழிகாட்டலில் இதற்கு இடமில்லை. சிகிச்சைக்கு நிமிடங்களில் வரும் லேக்டேட் (உடலுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) அளவைப் பாருங்கள். டயாலிசிஸும் இதை ஏற்றும். அதனால் ரத்தம் அதற்கு முன்பு எடுத்ததா, பிறகா என்பதை எடுத்த நேரத்தோடு லேபிளில் எழுதி அனுப்புங்கள்.